பாதி வழியில் ஒரு மேஜர்: வெள்ளி இரவு லீடர்போர்டை எப்படிப் படிப்பது?

"கோல்ஃப் மேஜரில் இரண்டு ரவுண்டு முடிந்துவிட்டது. முதலிடத்தில் இருப்பவரை நம்பலாமா? நாலைந்து ஷாட் பின்னால் இருப்பவர்களில் யாருக்கு உண்மையான வாய்ப்பு? காற்று, மழை, கிரீன் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?" இதுதான் கேள்வி. புதியவர்களுக்கு ஒரு வரி: மேஜர் என்பது கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று; வியாழன் முதல் ஞாயிறு வரை நாளுக்கு 18 குழிகள் கொண்ட ஒரு ரவுண்டு, குறைந்த ஷாட்டில் முடிப்பவரே வெல்வார். கிரீன் என்பது குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை.

கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. ஆமாம், அது அவ்வளவு பெரிய விஷயம். 36 குழிகள் முடிந்த நிலையில் லீடர்போர்டில் தெரியும் எண்கள் எல்லாம் ஒரே மைதானத்தில் அடித்தவை போலத் தோன்றும். உண்மையில் காலையில் ஆடியவருக்கும் மாலையில் ஆடியவருக்கும் அது இரண்டு வேறு மைதானங்களாக இருந்திருக்கலாம். பல வருடங்களாக மேஜர்களைப் பார்த்து வருகிறேன். வெள்ளி இரவில் என் கணிப்பு தப்பிய போதெல்லாம் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஸ்கோரைப் பார்த்திருப்பேன், அது எந்த நேரத்தில் வந்தது என்று பார்த்திருக்க மாட்டேன்.

முதல் இரண்டு நாளில் ஆட்ட நேரம் மாற்றி மாற்றி வரும். வியாழன் காலையில் ஆடியவர் வெள்ளி மதியம் ஆடுவார். வியாழன் மதியம் ஆடியவர் வெள்ளி காலை. காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் காற்று அந்தக் காகிதத்தைப் பார்ப்பதில்லை. அதிலும் பிரிட்டனின் மேஜரான ஓபன் சாம்பியன்ஷிப்பில் 156 பேரும் முதல் டீயிலிருந்தே, அதாவது முதல் குழியின் தொடக்க இடத்திலிருந்தே, கிளம்புகிறார்கள். முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் இடையே பல மணி நேர இடைவெளி. கடலோர லிங்க்ஸ் மைதானத்தில் அத்தனை மணி நேரத்துக்குள் வானமே மாறிவிடும்.

2010 செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓபனை எடுத்துக்கொள்ளுங்கள். ரோரி மெக்கில்ராய் வியாழக்கிழமை 63 அடித்தார். மறுநாள் மதியம் அவர் ஆடும்போது காற்று வெறித்தனமாக அடித்தது. கிரீனில் வைத்த பந்தே நகர ஆரம்பித்ததால் ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். அன்று அவர் ஸ்கோர் 80. அதே வெள்ளியன்று காலையில் ஆடி முடித்திருந்த லூயி ஊஸ்தைசன் 67 அடித்து, 12 அண்டரில் (பார் என்ற நிர்ணயக் கணக்கைவிட 12 ஷாட் குறைவு; கூடினால் ஓவர்), 5 ஷாட் முன்னிலையோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் 7 ஷாட் வித்தியாசத்தில் கோப்பையும் அவருக்கே. ஊஸ்தைசன் அந்த வாரம் ஆடிய ஆட்டம் அருமையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள்: மெக்கில்ராயின் மொத்தம் 280. அந்த ஒரு மதியம் அவர் 80-க்குப் பதில் வெறும் பார், அதாவது 72 அடித்திருந்தால் மொத்தம் 272. ஊஸ்தைசனின் மொத்தமும் 272.

அதனால் வெள்ளி இரவில் நான் முதலில் தேடுவது இரண்டு அலைகளின் சராசரி ஸ்கோரை. வியாழன் காலை-வெள்ளி மதியம் ஆடிய கூட்டம் ஒரு அலை, மற்றது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டு ஷாட் வித்தியாசம் இருந்தால், மோசமான அலையில் இருந்துகொண்டு 3 ஷாட் பின்னால் நிற்பவரை நான் 1 ஷாட் பின்னால் நிற்பவராகவே மனத்தில் எழுதிக்கொள்வேன். கோப்பைக் கணக்கில் அந்த இரண்டு ஷாட் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. ஆனால் யார் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். சனி, ஞாயிறில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வானிலைக்குள் வரும்போது அந்த ஆட்டம்தான் பேசும்.

"ஏறக்குறைய" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கட் முடிந்ததும், அதாவது இரண்டு நாளில் பின்தங்கியவர்கள் வெளியேறியதும், சனிக்கிழமை ஆட்ட வரிசை ஸ்கோர்படி மாறிவிடும். கடைசி இடங்களில் இருப்பவர்கள் காலையில் கிளம்புவார்கள், முன்னிலையில் இருப்பவர் எல்லோருக்கும் கடைசியாக. பாதி வழி விவாதங்களில் அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான் என்பது என் எண்ணம். முன்னிலை என்பது பரிசு மட்டும் அல்ல. நாளின் கடைசி நேரத்தில், காய்ந்துபோன, நூற்றுக்கணக்கான கால் தடங்கள் பட்ட கிரீன்களில் ஆட வேண்டிய கடமையும் அதோடு சேர்ந்து வருகிறது.

2018 யு.எஸ். ஓபன், ஷின்னகாக் ஹில்ஸ். இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பாதி வழியில் டஸ்டின் ஜான்சன் 4 அண்டர். அவருக்கு 4 ஷாட் முன்னிலை. டேனியல் பெர்கரும் டோனி ஃபினாவும் 7 ஓவரில், 11 ஷாட் பின்னால் இருந்தார்கள். வெள்ளி இரவில் அவர்கள் பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை இருவரும் முன்னதாகவே கிளம்பி ஆளுக்கு 66 அடித்தார்கள். அதன்பின் வெயிலும் காற்றும் கிரீன்களைக் காய வைத்தன. மதியத்துக்கு மேல் சில குழிகளில் நல்ல ஷாட்கூட கிரீனில் நிற்கவில்லை. ஜான்சன் 77 அடித்தார். நாள் முடிவில் பெர்கர், ஃபினாவ், ஜான்சன், புரூக்ஸ் கெப்கா நால்வரும் 3 ஓவரில் சமம். 11 ஷாட் இடைவெளி ஒரே நாளில் கரைந்துவிட்டது. கிரீன்கள் எல்லை மீறிவிட்டன என்று போட்டியை நடத்தும் யு.எஸ்.ஜி.ஏ.யே ஒப்புக்கொண்டது. ஞாயிறன்று கெப்கா வென்றார். பாதி வழியில் அவர் 5 ஷாட் பின்னால் இருந்தவர்.

2024 ராயல் ட்ரூன் ஓபனில் கிட்டத்தட்ட இதே கதை, மழை வடிவத்தில். ஷேன் லௌரி 7 அண்டரோடு பாதி வழியில் முன்னிலை. சனிக்கிழமை முன்னதாக ஆடியவர்களில் 65 அடித்தவர்கள் இருந்தார்கள். முன்னணியில் இருந்தவர்கள் வெளியே வந்தபோது மழையும் குளிர்காற்றும் சேர்ந்துகொண்டன. 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்' என்று பெயர் பெற்ற, வெறும் 123 கஜமே உள்ள 8-ஆவது குழியில் லௌரி டபுள் போகி (பாரைவிட இரண்டு ஷாட் கூடுதல்; ஒன்று கூடினால் போகி) எடுத்தார். அங்கிருந்து அவர் நாள் சரிந்து 77-இல் முடிந்தது. கோப்பையை வென்ற சாண்டர் ஷாஃபலே வெள்ளி இரவில் எங்கே இருந்தார் தெரியுமா? 1 அண்டரில், 6 ஷாட் பின்னால்.

ஆளின் தரத்தையும் இந்தச் சனிக்கிழமைப் புயல் பார்ப்பதில்லை. 2002-இல் மாஸ்டர்ஸையும் யு.எஸ். ஓபனையும் வென்றுவிட்டு ஓபனுக்காக மியூர்ஃபீல்டுக்கு வந்த டைகர் வுட்ஸ், பாதி வழியில் 2 ஷாட் மட்டுமே பின்னால் இருந்தார். சனிக்கிழமை மதியம் மழைக்காற்றில் 81. அதே வேளையில் முன்னிலையில் இருந்த எர்னி எல்ஸ் 72 அடித்துத் தாக்குப்பிடித்தார்; மறுநாள் சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் கோப்பையும் வென்றார். 72 என்பது சாதாரண எண்ணாகத் தெரியலாம். என் மனத்தில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ரவுண்டுகளில் ஒன்று அது.

கிரீன் ஏன் ஒரே நாளுக்குள் இவ்வளவு மாறுகிறது என்று கேட்கலாம். காலையில் பனி ஈரமும் முந்தைய இரவின் தண்ணீரும் இருக்கும். பந்து விழுந்த இடத்திலேயே கடித்து நிற்கும். வெயில் ஏற ஏற மேல்பரப்பு இறுகும். அதே ஷாட் இப்போது குதித்துப் பின்பக்கம் ஓடும். போவா ஆனுவா என்ற புல் வளர்ந்த கிரீன்களில் இன்னொரு தொல்லை. அந்தப் புல் பகலிலேயே சீரில்லாமல் வளர்ந்து விதைத்தலை விடும். மதியத்தில் சின்னப் பட்டுகள்கூட (கிரீனில் குழியை நோக்கி உருட்டும் ஷாட்கள்) துள்ளித் துள்ளிப் போகும். பெப்பிள் பீச்சிலும் டோரி பைன்ஸிலும் மேஜர் நடந்தால் இதை மறக்கவே கூடாது. மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனலில் நிலைமை வேறு. அங்கே கிரீன்களுக்கு அடியில் சப்ஏர் என்ற அமைப்பு இருக்கிறது. மண்ணிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சி எடுத்துவிடும். வெள்ளியன்று மழை பெய்தது, அதனால் வார இறுதி முழுக்க கிரீன் மென்மையாக இருக்கும் என்று அகஸ்டாவில் கணித்தால் ஏமாற்றம்தான்.

சரி, பின்னால் இருப்பவர்களில் யாருக்கு வாய்ப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். முன்னால் இருப்பவரை எட்டிப்பிடிக்க இரண்டு வழிகள்தான்: நீங்கள் மேலே ஏற வேண்டும், அல்லது அவர் கீழே இறங்க வேண்டும். அந்த மைதானம் இந்த இரண்டில் எதை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2022 செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓபனில் தரை காய்ந்திருந்தாலும் காற்று பெரிதாக இல்லை. பாதி வழியில் கேமரன் ஸ்மித் 13 அண்டர். வென்றபோது 20 அண்டர். அப்படிப்பட்ட வாரத்தில் பார் அடித்துக்கொண்டு காத்திருப்பது தோல்விதான். மெக்கில்ராய் ஞாயிறன்று 18 கிரீன்களையும் சரியாகத் தொட்டார், ஒவ்வொன்றிலும் இரண்டே பட், ஸ்கோர் 70. தவறு என்று சொல்ல ஒன்றுமே இல்லாத ரவுண்டு. ஆனால் ஸ்மித் 64 அடித்தார், மெக்கில்ராய் மூன்றாவது இடம். அந்த மாலை எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, இன்றும் அந்தப் பட்டுகள் குழியின் விளிம்பைத் தாண்டிப் போவது கண்முன் நிற்கிறது.

நேர் எதிரே 2025 யு.எஸ். ஓபன், ஓக்மான்ட். பாதி வழியில் பாருக்குக் கீழே இருந்தவர்கள் மூன்றே பேர்: சாம் பர்ன்ஸ் 3 அண்டர், ஜே.ஜே. ஸ்பான் 2 அண்டர், விக்டர் ஹோவ்லாண்ட் 1 அண்டர். முடிவில் பாருக்குக் கீழே இருந்தவர் ஒருவரே, 1 அண்டரில் வென்ற ஸ்பான். அதாவது வெற்றி ஸ்கோர் பாதி வழி முன்னிலையைவிடப் பின்னால் போய்விட்டது. ஞாயிறன்று ஸ்பான் முதல் 6 குழிகளில் 5 போகி அடித்தார். அதன்பின் மழையால் ஆட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, கடைசிக் கிரீனில் 64 அடி பட்டைப் போட்டு முடித்தார். பர்ன்ஸ் அன்று 78. இப்படிப்பட்ட மைதானத்தில் 5 ஷாட் பின்னால் இருப்பவர் அதிசயம் எதுவும் செய்யத் தேவையில்லை. நின்ற இடத்தில் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆகவே "எத்தனை ஷாட் பின்னால்?" என்று கேட்கும் முன் "இந்த வாரம் வெற்றி ஸ்கோர் எங்கே வந்து நிற்கும்?" என்று கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: "எத்தனை பேருக்குப் பின்னால்?" 6 ஷாட் பின்னால், ஆனால் முன்னே ஒருவர் மட்டும் என்றால், அந்த ஒருவருக்கு ஒரு மோசமான நாள் வந்தால் போதும். 4 ஷாட் பின்னால், முன்னே 15 பேர் என்றால், அந்தப் பதினைந்தில் யாராவது ஒருவர் நன்றாக ஆடிவிடுவார். இரண்டாவது ஆளைவிட முதல் ஆளையே நான் தேர்ந்தெடுப்பேன். 2005 மாஸ்டர்ஸில் பாதி வழியில் கிறிஸ் டிமார்கோவுக்கு 6 ஷாட் பின்னால் இருந்தார் டைகர். மழையால் மூன்றாவது ரவுண்டு ஞாயிறு காலைக்கு நீண்டது. தொடர்ந்து 7 பேர்டி (பாரைவிட ஒரு ஷாட் குறைவு) அடித்து அந்த ரவுண்டை 65-இல் முடித்தார். டிமார்கோ 74. அந்த ஒரு ரவுண்டில் 9 ஷாட் புரண்டது. பிளே-ஆஃபில் டைகர் வென்றார்.

அடுத்து, ஸ்கோர் எப்படி வந்தது என்பது. இரண்டு பேர் 8 அண்டரில் இருக்கலாம். ஒருவர் கிரீனுக்கு வரும் ஷாட்களை ஒவ்வொரு குழியிலும் கொடிக்கு அருகே போட்டு வந்திருப்பார். மற்றவர் 30 அடி பட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளி வந்திருப்பார். முதலாமவரை நம்புங்கள். அயர்ன் ஆட்டம், அதாவது கிரீனை நோக்கி இரும்பு மட்டையால் அடிக்கும் ஷாட்கள், நாளுக்கு நாள் ஓரளவு நிலையாக இருக்கும். நீண்ட பட்டுகள் அப்படி இல்லை, இன்று வந்தது நாளை வரும் என்று சொல்லவே முடியாது. இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2023 ராயல் லிவர்பூல் ஓபனில் பிரையன் ஹார்மன் பாதி வழியில் 10 அண்டர், 5 ஷாட் முன்னிலை. பட் அடிக்கும் மட்டையான பட்டர்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது; அது இறங்கிவிடும் என்றே நானும் நினைத்தேன். ஆனால் 10 அடிக்குள் வந்த பட்டுகளை அவர் அந்த வாரம் முழுக்கக் கிட்டத்தட்ட விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மழையிலும் அப்படியே. 6 ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அதிலிருந்து நான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன்: நீண்ட பட்டுகளால் வந்த முன்னிலை வேறு, குட்டிப் பட்டுகளைத் தவறவிடாததால் வந்த முன்னிலை வேறு. பின்னது வார இறுதி வரை தாங்கும்.

மோசமான குழிகளையும் அதேபோல் பிரித்துப் பார்க்க வேண்டும். 2025 மாஸ்டர்ஸின் முதல் நாள் மெக்கில்ராய் 15-இலும் 17-இலும் டபுள் போகி எடுத்து 72-இல் முடித்தார். நான்கு ஷாட் இரண்டு குழிகளில் போனது. மற்ற 16 குழிகளில் அவர் 4 அண்டர். அதைப் பார்த்திருந்தால் வெள்ளியன்று வந்த 66 ஆச்சரியமாக இருந்திருக்காது. பாதி வழியில் ஜஸ்டின் ரோஸ் 8 அண்டர், மெக்கில்ராய் 6 அண்டர். ஞாயிறன்று இருவரும் பிளே-ஆஃபில் நின்றார்கள், கோப்பை மெக்கில்ராய்க்கு. எல்லாக் குழிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் 72-ஐவிட, இரண்டு இடத்தில் மட்டும் உடைந்த 72 எவ்வளவோ நல்லது.

முடியாத ரவுண்டு இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2023 மாஸ்டர்ஸில் வெள்ளியன்று 17-ஆவது டீ அருகே மரங்கள் சாய்ந்து ஆட்டம் நின்றது. கெப்கா காலையிலேயே ஆடி முடித்து 12 அண்டரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். ஜான் ராம் மிச்சத்தை சனிக்கிழமை காலை குளிரிலும் ஈரத்திலும் ஆடி முடித்து 10 அண்டருக்கு வந்தார். 2 ஷாட் இடைவெளி என்று போர்டு சொன்னது. கஷ்டமான பாதியைத் தாண்டி வந்தவர் யார் என்று போர்டு சொல்லவில்லை. மூன்றாவது ரவுண்டும் மழையில் நின்றது. அப்போது ராம் 4 ஷாட் பின்னால். ஞாயிறு முடிவில் 4 ஷாட் முன்னால். முதல் நாளின் முதல் குழியிலேயே நாலு பட் போட்டு டபுள் போகியோடு தொடங்கியவர் அவர்.

முதலிடத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரிய முன்னிலை பலருக்குத் தாங்கியிருக்கிறது. 2011 காங்கிரெஷனல் யு.எஸ். ஓபனில் மெக்கில்ராய் பாதி வழியில் 6 ஷாட் முன்னால், 8 ஷாட்டில் வென்றார். 2019 பெத்பேஜ் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் கெப்கா 7 ஷாட் முன்னால் இருந்தார்; ஞாயிறன்று தொடர்ந்து 4 போகி அடித்து முன்னிலை 1 ஷாட் வரை சுருங்கியது, ஆனாலும் 2 ஷாட்டில் தப்பித்தார். 1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மனுக்கு பாதி வழியில் நிக் ஃபால்டோவைவிட 4 ஷாட் முன்னிலை. சனி இரவு அது 6 ஆனது. ஞாயிறு மாலை 5 ஷாட்டில் தோற்றார். அதனால் என் வழக்கம்: 5 ஷாட்டுக்கு மேல் முன்னிலை, கடுமையான வானிலை வரப்போவதில்லை, முன்னிலை குட்டிப் பட்டுகளாலும் அயர்ன்களாலும் வந்தது என்றால் முதலிடக்காரரையே சொல்வேன். 3 ஷாட்டுக்குள் என்றால் அவரை முதல் ஐந்து பேரில் ஒருவராகவே எண்ணுவேன்.

எனவே அடுத்த மேஜரில் வெள்ளி ஆட்டம் முடிந்ததும், சனிக்கிழமை டீ நேரங்கள் வெளியாகும்வரை காத்திருங்கள். மணிக்கு மணி காற்றுக் கணிப்பை அதன் பக்கத்தில் வையுங்கள். காற்று மதியம் எழும் என்றால், கடைசிக் குழுக்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் கிளம்புபவர்களில், 5 முதல் 7 ஷாட் பின்னால், மோசமான அலையில் ஆடியும் கட்-ஐத் தாண்டிய நல்ல அயர்ன் ஆட்டக்காரர் யார் என்று தேடுங்கள். காற்று காலையிலேயே அடித்துவிட்டு மாலையில் அடங்கும் என்றால் அந்தப் பெயரை அடித்துவிட்டு, முதல் நாலு இடங்களுக்குத் திரும்பி வாருங்கள்.